ஒரு சொட்டும் ஒழுகவில்லை

நாள் 611. 04:30

கரை நிலையம், டைட்டன். பதிவு: சுபாஷிணி, வளிமண்டல ஆய்வு.

காற்றழுத்தம் 1.46. வெளியே மைனஸ் 179. காற்று மேற்கிலிருந்து, மெதுவாக. ஏரியில் அலை இல்லை. ஏரியில் இருப்பது திரவ மீத்தேன். இங்கே அதற்கும் ஏரி என்றுதான் பெயர்.

நிலையத்தில் நாங்கள் இருவர். நான் உள்ளே. ஓட்டுநரும் இயந்திரப் பொறுப்பாளருமான மாசானமுத்து அண்ணாச்சி வண்டியோடு வெளியே. தெற்கே 61 கிலோமீட்டர், பனிக்கல் மேடு. மண் மாதிரிகள் எடுத்தாகிவிட்டது. இன்று திரும்புகிறார்.

இதை எப்போதாவது எடுத்துப் படிப்பவருக்கு: வண்டியில் இருப்பது பழைய கார் இன்ஜின் போன்றதுதான், நான்கு சிலிண்டர். ஒன்று மட்டும் தலைகீழ். இங்கே காற்றிலேயே எரிபொருள் இருக்கிறது. தொட்டியில் நாங்கள் சுமப்பது ஆக்சிஜன். புகை வெளியே வந்ததும் உறைந்து வண்டிக்குப் பின்னால் வெள்ளையாக விழும். எரியும்போது உண்டாகும் நீரில் கொஞ்சம் இன்ஜின் எண்ணெயிலும் கலந்துவிடும். ஆகவே ஐநூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெயை வடித்து, நீரைப் பிரித்து, அதே எண்ணெயை மறுபடி ஊற்ற வேண்டும். கிளம்புவதற்கு முன் அதைச் செய்யப்போகிறார். நாற்பது நிமிட வேலை.

வண்டியிலிருந்து, 04:41:
"எண்ணெய் மோரு மாதிரி வெளுத்துட்டு பிள்ள. இத வச்சு ஓட்டினா இன்ஜின் பிடிச்சுக்கிடும். வடிச்சிட்டு வாரேன். காப்பி போட்டு வையி. போன தடவ மாதிரி பாயாசம் பண்ணிராத."

நாள் 611. 05:52

இன்ஜின் நிறுத்தம் 05:05. எண்ணெய் முழுதும் வடிந்து கேனில் இருக்கிறது. நீர் பிரித்தாயிற்று. இன்ஜினுக்குக் கீழே எண்ணெய் தங்கும் தொட்டியான சேம்பரின் அடியில் உள்ள வடிகால் போல்ட்டைத் திரும்பப் போடும்போது அது பிடிக்கவில்லை.

"சுத்துது பிள்ள. சுத்திக்கிட்டே இருக்கு. மரை கழண்டுட்டு."

"உங்களுக்கா, வண்டிக்கா, அண்ணாச்சி?"

"வாய்க்கொழுப்பப் பாரு. ரெண்டுக்குந்தான்னு எழுதிக்கோ."

சிரித்தோம். 05:40 வரை சிரித்தோம்.

சேம்பர் அலுமினியம். போல்ட் இரும்பு. கழற்றியபோது துளையின் உள்பக்க மரை முழுவதும் போல்ட்டைச் சுற்றிக்கொண்டு மெல்லிய கம்பிச் சுருளாக வெளியே வந்திருக்கிறது. இப்போது துளை வழவழப்பாக இருக்கிறதாம். விரலை விட்டுப் பார்த்துச் சொன்னார். கண்ணால் பார்க்க முடியாது. இன்ஜின், வண்டி அறையின் தரைக்கு அடியில் ஒரு சூடான பெட்டிக்குள் இருக்கிறது. தரை மூடியைத் திறந்து, குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டால் சேம்பரின் அடி எட்டும். கை மட்டும்தான் போகும்.

நாள் 611. 06:10

இன்ஜின் நின்றதிலிருந்து எல்லாமே பேட்டரி. அறைச் சூடு, இன்ஜின் பெட்டிச் சூடு, ரேடியோ. கணக்குப்படி 16:00 வரை வரும். ஸ்டார்ட் செய்யவும் மீதம் வேண்டும். அப்படிப் பார்த்தால் 14:40.

அதற்குள் அந்தத் துளை அடைபட்டு, எண்ணெய் உள்ளே போய், இன்ஜின் ஓட வேண்டும். இல்லையென்றால் அறைக்குள் சூடு இருக்காது.

வேறு வண்டி இல்லை. அடுத்த கப்பல் ஐந்து மாதம் கழித்து. நடக்கும் தூரம் இல்லை.

பூமிக்குச் செய்தி அனுப்பினேன். போக 79 நிமிடம். வர 79.

நாள் 611. 08:20

காத்திருக்கும் நேரத்தில் அவர் செய்து பார்த்தவை: போல்ட்டின் மேல் டேப் சுற்றினார், பிடிக்கவில்லை. செப்புக் கம்பியைச் சுற்றினார், அரைச் சுற்று பிடித்து வழுக்கியது. பசை தடவினார். எண்ணெய்ப் பிசுக்கில் பசை ஒட்டவில்லை.

நான் செய்தது: வண்டியின் பழைய பதிவேட்டைப் படித்தேன். ஏன் மரை போனது என்று தெரிந்தால் ஏதாவது தெரியும் என்று நினைத்தேன்.

வண்டியை ஒருவர் இன்னொருவருக்கு ஒப்படைக்கும்போது ஒரு வழக்கம் இருக்கிறது. எந்தக் கையேட்டிலும் இல்லை. யார் தொடங்கினார்கள் என்றும் தெரியவில்லை. அடுத்தவருக்குச் சிரமம் வரக்கூடாது என்று, ஸ்பேனரை எடுத்து எண்ணெய் போல்ட்டுக்கு ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்கள். முன்பிருந்த குழுவையும் சேர்த்து, போன தடவை எண்ணெய் வடித்ததிலிருந்து முப்பத்தெட்டு ஒப்படைப்பு. முப்பத்தெட்டிலும் அதே வரி, வெவ்வேறு கையெழுத்தில். "வடிகால் போல்ட் இறுக்கப்பட்டது." யாரும் தளர்த்தவில்லை. தளர்த்த வேண்டிய நாள் வரும்வரை எல்லோரும் இறுக்கியிருக்கிறோம்.

அதில் ஆறு கையெழுத்து என்னுடையது. நான் ஓட்டுநர்கூட இல்லை. மாதிரி எடுக்கப் போனபோது ஓட்டினேன். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று இரண்டு கையாலும் இறுக்கியது நினைவிருக்கிறது.

அவரிடம் சொன்னேன்.

"சவத்த விடு. நான் மட்டும் என்னவாம், பதினெட்டு தடவ இறுக்கியிருப்பேன். இப்ப அதப் பேசியா மரை முளைக்கப் போவுது?"

நாள் 611. 08:55

பூமியிலிருந்து பதில். அங்கே கட்டுப்பாட்டு நிலையத்தில் வண்டிகளுக்குப் பொறுப்பு சென்னியப்பன். பெருந்துறைப் பக்கம் லாரிப் பட்டறையில் இருபது வருடம் இருந்துவிட்டு இந்தத் திட்டத்துக்கு வந்தவர். நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும்.

"அம்மிணி, சென்னியப்பன் பேசறனுங்க. பதறாதீங்க. இது எங்கூர்ல டீ வர்றதுக்குள்ள முடிக்கற வேலைங்க. கேட்டுக்குங்க. ஓட்டை பதினாலு மில்லி. ஓட்டற சீட்டுக்கு அடியில நாலு போல்ட்டு இருக்குது, அதெல்லாம் பதினாறு, நல்ல இரும்பு. ஒண்ணக் கழட்டி, ஆக்சா பிளேடால நீளவாட்டுல மூணு கோடு அறுக்கோணும். அவ்வளவுதானுங்க, அதுவே மரை வெட்டற கருவி ஆயிரும். கோட்டுல கிரீஸ அப்பிக்குங்க, தூள் அதுல ஒட்டிக்கும். அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. அவசரப்பட்டா அலுமினியம் பிச்சுக்கும். வெட்டுனதும் கழட்டிட்டு, அறுக்காத இன்னொரு சீட்டு போல்ட்டப் போட்டு மூடிருங்க. மாசானத்துகிட்டச் சொல்லுங்க, சீட்டு ஆடும், ஆட்டம் பாட்டமில்லாம வரச் சொல்லுங்க."

வார்த்தை மாறாமல் வண்டிக்குப் படித்தேன்.

"கெட்டிக்காரன். எனக்கு ஏன் தோணல?" என்றார் அண்ணாச்சி. பிறகு, "மூணு மணி நேரம் போச்சே பிள்ள" என்றார்.

நாள் 611. 10:45

இரும்பை அறுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இருந்த இரண்டு பிளேடில் ஒன்று உடைந்தது. மூன்று கோடு. ரேடியோவைத் திறந்தே வைத்திருந்தார். அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் வரைபடங்களைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு ஒரே வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது குப்புறப் படுத்திருக்கிறார்.

"நேரா போவுதா கோணலா போவுதான்னு தெரியல. கைய விட்டா தலைய விட முடியாது, தலைய விட்டா கைய விட முடியாது."

"சுண்டுவிரலை சேம்பரோட பரப்பில் வச்சுப் பாருங்க. எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியா?"

"இருக்கு. இந்தப் பக்கம் ஒரு மயிரிழை கம்மி."

"சரி பண்ணுங்க."

"பண்ணிட்டேன். நீ மெக்கானிக்காவே போயிருக்கலாம். அங்ஙன மேகத்த எண்ணிக்கிட்டு உக்காந்திருக்க."

அரைச் சுற்று முன்னால். கால் சுற்று பின்னால். நான் எண்ணினேன். எண்ணுவது என் வேலை இல்லை. ஆனாலும் எண்ணினேன்.

நாள் 611. 11:50

புது மரை வெட்டியாகிவிட்டது. ஆறு சுற்று. புதிய போல்ட் கையாலேயே உள்ளே போய் உட்கார்ந்தது. பழைய செப்பு வாஷரைத் தட்டிப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார். இறுக்கினார், அளவாக.

ஒரு சிக்கல். கிரீஸில் ஒட்டிய தூள் போக, கொஞ்சம் அலுமினியத் தூள் சேம்பருக்குள் விழுந்திருக்கிறது. விரலால் தடவும்போது நறநறக்கிறதாம். துணி சுற்றித் துடைத்தார். முழுதும் வரவில்லை. அந்தத் தூள் எண்ணெயோடு போய் ஆயில் பம்பை அடைத்தால் இன்ஜின் பத்து நிமிடத்தில் இறுகி நின்றுவிடும். அப்புறம் எதுவும் செய்ய முடியாது.

"ஊத்திட்டு ஸ்டார்ட் பண்ணிருதேன் பிள்ள. பெட்டி இன்னும் சூடா இருக்கு."

பேட்டரி 52 சதவீதம்.

இங்கே ஒரு விதி உண்டு. வெளியே இருப்பவர் முடிவெடுக்கக் கூடாது. குளிரிலும் களைப்பிலும் இருப்பவருக்கு எல்லாமே உடனே செய்ய வேண்டியதாகத் தெரியும். ஆகவே உள்ளே இருப்பவர் சொல்வதே முடிவு. வயது, அனுபவம், எதுவும் கணக்கில் இல்லை. அவருக்கு நாற்பத்தாறு. எனக்கு இருபத்தேழு. உள்ளே இருப்பது நான்.

யோசித்தேன். இப்போது கேட்டால் 14:40க்குள் பதில் வரும். அப்போது பேட்டரியில் ஸ்டார்ட் செய்யப் போதுமான அளவு, மிகச் சரியாக, இருக்கும்.

"காத்திருங்க அண்ணாச்சி. தூளைப் பத்திக் கேட்டுடுவோம்."

கேனைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி. நீ சொன்னா சரி."

பூமிக்கு அனுப்பியது 11:58.

நாள் 611. 13:05

பேட்டரி 33. என் கணக்கு 41.

பிழை எங்கே என்று கண்டுபிடித்தேன். தரை மூடி ஏழு மணி நேரம் திறந்திருந்திருக்கிறது. பெட்டியின் சூடு வெளியேறிய அளவை நான் சேர்க்கவில்லை. வளிமண்டலத்தின் வெப்ப ஓட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஒரு மூடியின் வெப்ப ஓட்டத்தை மறந்துவிட்டேன்.

அறைச் சூட்டை நிறுத்திவிட்டு, அந்த மின்சாரத்தையும் இன்ஜின் பெட்டிக்கே விடச் சொன்னேன். வெளிப்புற உடையைப் போட்டுக்கொண்டார். எண்ணெய்க் கேனை உடைக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாராம், இறுகிவிடாமல் இருக்க.

"எட்டு மாசம் பாத்துக்கோ. ஒதைக்கல, அதான் கவலையா இருக்கு."

நாள் 611. 13:40

பூமியிலிருந்து. நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை இது. என் கேள்வி பூமியை அடைந்தது 13:17க்கு. இது 12:21க்குப் புறப்பட்டது. அவராகவே நினைத்துக்கொண்டு அனுப்பியது.

"அம்மிணி, ஒண்ணு சொல்ல மறந்துட்டனுங்க. டீ குடிக்கையில நெனப்பு வந்துச்சு. மரை வெட்டுனா உள்ள கொஞ்சம் தூள் விழத்தான் செய்யும். அதுக்கு ஒண்ணும் ஆவாதுங்க, பம்பு வாயில சல்லடை இருக்குது, தடுத்துப்போடும். அதப் பாத்துட்டு நிக்க வேண்டாம். இரும்பு சூடா இருக்கையிலயே எண்ணெய ஊத்தி செல்ஃப் அடிச்சுப்போடுங்க. எங்கிட்ட கேக்கறக்கு நிக்காதீங்க. நீங்க கேட்டு நான் சொல்றக்குள்ள அங்க எல்லாமே ஆறிப்போயிருமுங்க."

13:41க்கு வண்டிக்குச் சொன்னேன். இதையும் வார்த்தை மாறாமல். என் குரல் சரியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"ஊத்துதேன்," என்றார். திட்டியிருக்கலாம்.

நாள் 611. 14:12

எண்ணெய் ஊற்றிவிட்டார். மெதுவாகத்தான் இறங்கியது, தேன் போல. பிறகு கையை விட்டுப் போல்ட்டைச் சுற்றித் தடவிப் பார்த்தார். உலர்ந்திருக்கிறது.

"ஒரு சொட்டு ஒழுகல பிள்ள. அங்ஙன எழுது. ஒரு சொட்டு ஒழுகல."

எழுதிவிட்டேன்.

14:03 செல்ஃப். சுற்றியது, கனமாக. பிடிக்கவில்லை.
14:06 மறுபடி. மூன்று சுற்று.
14:10 ஒரு சுற்று.
14:12 டிக் என்று ஒரு சத்தம். என் ஹெட்போனிலேயே கேட்டது.

பேட்டரி 6.

நாள் 611. 14:44

பூமியிலிருந்து. இப்போதுதான் என் கேள்விக்குப் பதில்.

"ஆறு சுத்து மரையா? பலே! மாசானம் கையி கைதானுங்க. தூளுக்கு பயப்பட வேண்டாம்னு முந்தியே சொல்லியிருந்தேன், வந்திருக்கும். இந்நேரம் வண்டி பாதி வழி வந்திருக்குமுங்க. வந்ததும் எங்கிட்டப் பேசச் சொல்லுங்க, ஒரு கெடா வெட்டு பாக்கி இருக்குதுன்னு."

அந்தச் செய்தியை ஒருமுறைதான் கேட்டேன்.

நாள் 611. 15:30

வண்டி அறை மைனஸ் 61. உடைக்குள் சூடு இருக்கிறது. உடையின் பேட்டரி தனி. முழுதாக இருந்தால் ஆறு மணி நேரம் வரும். நடந்தால் 24 கிலோமீட்டர். அவருக்கு வரவேண்டியது 61. உடைக்கு மாற்று பேட்டரி எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் காலையிலேயே நான் கிளம்பியிருப்பேன்.

இப்போது அவர் கேட்பது இது.

"உடுப்போட பேட்டரியக் கழட்டி செல்ஃபுக்குக் குடுத்தா ஒரு தடவ சுத்தும். எண்ணெய் இன்னும் முழுசா இறுகல. நல்லா சுத்தும். பிடிச்சா பிடிச்சது."

"பிடிக்கலைன்னா?"

"கடைசிப் பொட்டு கரண்டையும் அதுக்கே குடுத்திருப்பேன். அதுக்கப்புறம் உடுப்புல சூடும் இல்ல, வண்டியிலயும் இல்ல. இன்னொண்ணு. தடிச்ச கம்பி வேற கிடையாது. ரேடியோவுக்குப் போற கம்பியத்தான் அறுக்கணும். பிடிச்சாலும் பிடிக்காட்டியும் பேச முடியாது. உடுப்பு ரேடியோ அஞ்சு கிலோமீட்டர்தான் எட்டும்."

பூமியைக் கேட்டால் 158 நிமிடம்.

"சொல்லு பிள்ள. நீ உள்ள இருக்க."

15:38. செய்யுங்கள் என்றேன். யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் சொன்னது சரியா என்று தெரியவில்லை. கேட்டுச் சொன்னதும் சரியாக இல்லை.

"அப்ப வாரேன்," என்றார். "காப்பிய இப்ப போடாத, ஆறிரும்."

15:41. ரேடியோ நின்றது.

நாள் 611. 16:22

15:45க்குப் பூமிக்கு நிலவரம் அனுப்பினேன்.

மேலே மூன்று துணைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று இந்தப் பக்கம் கடக்கும். தரையின் வெப்பத்தைப் படமாக அனுப்பும். சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு. சூடான பொருள் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

16:20 படம்: புள்ளி இருக்கிறது. பிரகாசமாக. 61இல் இல்லை. 55இல்.

ஓடுகிறது.

எழுந்து நின்றேன். அறையில் யாரும் இல்லை. யாரிடம் சொல்வது? பூமிக்கு அனுப்பினேன். "ஓடுகிறது." ஒரே சொல்.

நாள் 611. 17:55

17:52 படம்: புள்ளி 47இல்.

மணிக்குப் பதினைந்து என்ற வழக்கமான வேகத்தில் 32இல் இருக்க வேண்டும்.

மறுபடி அளந்தேன். 47.

வழியில் பனிக்கற்கள் அதிகம். சுற்றி வந்திருக்கலாம். இருக்கை ஆடுவதால் மெதுவாக வரலாம். ஒரு படத்தில் ஒரு புள்ளி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. இரண்டு வேண்டும்.

19:24 அடுத்தது.

நாள் 611. 18:31

பூமியிலிருந்து. 15:45க்கு அனுப்பிய நிலவரத்துக்குப் பதில்.

"அம்மிணி. கேட்டனுங்க. வண்டி பிடிச்சிருச்சுன்னா எங்கியும் நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க. மூத்திரம் வந்தாலும் நிறுத்த வேண்டாம். அந்த பேட்டரி நெலமைக்கு மறுக்கா செல்ஃப் எடுக்காதுங்க. எப்பிடியாச்சும் அவருக்கு இதச் சொல்லிப்போடுங்க அம்மிணி. எப்பிடியாச்சும்."

டீ பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியின் அலைவரிசையில் அதை முழுவதும் படித்தேன். அங்கே ரேடியோ இல்லை என்று தெரிந்துதான் படித்தேன். மூன்று முறை.

நாள் 611. 19:33

19:24 படம்: 47இல் புள்ளி, மங்கல்.

ஏன் நின்றது என்று எனக்குத் தெரியப்போவதில்லை. தூளாக இருக்கலாம். அப்படியென்றால் மதியம் நான் பயந்தது சரி. அப்படி இல்லையென்றால் மதியம் அவரைக் காக்கவைத்தது நான்தான். இரண்டில் எது என்று எந்தப் படத்திலும் இல்லை.

இன்னொரு புள்ளி இருக்கிறது. மிகச் சிறியது. முதலில் படக்கோளாறு என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். 44இல். வடக்கே, நிலையத்தின் பக்கம்.

நடக்கிறார்.

இன்ஜின் ஓடிய நேரத்தில் உடையின் பேட்டரியை வண்டியிலிருந்தே நிரப்பியிருக்கிறார். முழுதாக நிரம்பியதா, தெரியாது. நிரம்பியிருந்தால் இன்னும் 21 கிலோமீட்டர். அதாவது 23இல் நிற்பார்.

என் உடை முழுதாக இருக்கிறது. 24.

ஒரு கிலோமீட்டர் மிச்சம்.

சந்திக்கும் இடத்தில் இரண்டு உடையிலும் சூடு தீர்ந்திருக்கும். திரும்பி வர எதுவும் இருக்காது. இதில் மீட்பு எதுவும் இல்லை. கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறேன். மூடியையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் அவருக்கு இந்தக் கணக்கு தெரியும். 47க்கு 24 போதாது என்று தெரிந்துதான் இறங்கி நடக்கிறார். யாரோ வருவார்கள் என்றால்தான் ஒருவர் அப்படி நடப்பார்.

ஐந்து கிலோமீட்டருக்குள் வந்தால் குரல் கேட்கும்.

பூமியைக் கேட்கவில்லை.

நாள் 611. 19:46

உடை போட்டாயிற்று. கையுறையோடு தட்டுகிறேன், பிழைகள் இருந்தால்

வடக்கிலிருந்து தெற்கே நேர்கோடு. ஏரிக்கரையை விட்டு விலகாமல் முதல் எட்டு கிலோமீட்டர், அப்புறம் வண்டித் தடம். இன்று பலத்த காற்று இல்லை, தடம் இருக்கும்

அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே போவேன், ஐந்துக்கு வெளியே இருந்தாலும்

கதவு

நாள் 611. 20:30

தானியங்கிப் பதிவு. காற்றழுத்தம் 1.46. வெளியே மைனஸ் 179. காற்று இல்லை. பூமியிலிருந்து குரல் செய்தி 1, கேட்கப்படவில்லை. வெளிக்கதவு மூடப்பட்டது 19:51. நிலையத்தில் உள்ளே 0. வெளியே 2.